அந்த ‘நீங்கள்’ யார்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் மனைவியுடன் நேபாளத்தில் உள்ள முக்திநாத்துக்கு யாத்திரை சென்று வந்தேன். அங்கே திருச்சாளக்கிராமம் சேவிக்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. பொக்காராவிலிருந்து ஜோம்சோம் வரை ஜீப் ஓட்டிய இளைஞர் தங்கமான பிள்ளை. மனைவிக்கு மூச்சு வாங்கியபோது வண்டியை நிறுத்தி, எங்கிருந்தோ வெந்நீர் வாங்கி வந்து கொடுத்தார். என் அரைகுறை இந்தியில் பேசிக்கொண்டே போனோம். “நாமெல்லாம் அண்ணன் தம்பி மாதிரி” என்றேன். அவர் சாலையைப் பார்த்தபடியே, “நீங்கள்தானே எங்கள் கேஸை நிறுத்தினீர்கள்? அந்தக் குளிரில் என் அம்மா ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தாள்” என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விடுதிக்கு வந்து செல்பேசியில் தேடிய பிறகுதான் 2015-இல் நடந்தது தெரிந்தது.

அவர்களுக்கு விசா வேண்டாம், பாஸ்போர்ட் வேண்டாம். நம் ஊரில் வேலை செய்கிறார்கள், நம் ராணுவத்தில் சேர்கிறார்கள். நிலநடுக்கம் வந்தபோது முதலில் ஓடியது நாம். இத்தனைக்குப் பிறகும் ஏன் இந்தக் கசப்பு? சீனா தூண்டிவிடுகிறதா? அல்லது, சொல்லக் கூடாதுதான், நன்றி இல்லையா? திருச்சியில் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்னைப் பார்த்து ‘நீங்கள்’ என்றாரே, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

அந்தப் பையன் இத்தனை ஆண்டுகளாக மறக்காத ஒன்றை நீங்கள் செல்பேசியில் தேடித் தெரிந்துகொண்டீர்கள். உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அங்கேயே இருக்கிறது. குறை சொல்லவில்லை, நீங்கள் காவிரிக்கரைக்காரர், உங்களுக்கு எளிதில் புரியும். கிருஷ்ணராஜசாகரில் இன்று எத்தனை அடி தண்ணீர் என்று தஞ்சாவூர்ப் பக்கம் எந்த டீக்கடையில் கேட்டாலும் சொல்வார்கள். மண்டியாவில் போய் மேட்டூரில் எத்தனை அடி என்று கேட்டுப் பாருங்கள். மதகு தன் ஊரில் இருப்பவனுக்கு அடுத்த ஊர் நீர்மட்டம் எதற்கு? காட்மாண்டுவில் ஒரு காய்கறிக்காரர்கூட டெல்லியில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கவனிக்கிறார். டெல்லியில் இருப்பவருக்கு நேபாளம் என்பது மலை, கோயில், தேனிலவு.

2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் ஏறக்குறைய ஒன்பதாயிரம் பேர் இறந்தார்கள். இந்திய விமானங்கள் சில மணி நேரத்தில் போய் இறங்கியது உண்மை. கூடவே நம் தொலைக்காட்சிக்காரர்களும் இறங்கினார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவரின் முகத்தில் ஒலிவாங்கியை நீட்டி “எப்படி உணர்கிறீர்கள்?” என்று கேட்டார்கள். ‘இந்திய ஊடகமே, வீட்டுக்குப் போ’ என்று அவர்கள் சமூக ஊடகத்தில் கத்தியது அப்போதுதான். ஐந்து மாதம் கழித்து, செப்டம்பர் 20 அன்று நேபாளம் புதிய அரசியலமைப்பை அறிவித்தது. இந்திய எல்லையை ஒட்டிய தராய் சமவெளியில் வாழும் மதேசிகள் அதில் தங்களுக்கு அநீதி என்று போராடினார்கள். டெல்லிக்கும் அதில் அதிருப்தி. ரக்சௌல் – பீர்கஞ்ச் எல்லையில் லாரிகள் நின்றன. “நாங்கள் மறிக்கவில்லை, உங்கள் நாட்டுக் கலவரத்துக்குப் பயந்து ஓட்டுநர்கள் வரவில்லை” என்றது இந்திய அரசு. போராட்டமே நடக்காத சாவடிகளிலும் லாரிகள் நகரவில்லையே என்று நேபாளிகள் கேட்டார்கள். நாட்டுக்கு வேண்டிய பெட்ரோல், கேஸ் எல்லாம் ஒரே இந்திய நிறுவனத்திடமிருந்து வந்துகொண்டிருந்த காலம் அது. 14.2 கிலோ சிலிண்டரில் 7.1 கிலோ மட்டும் நிரப்பிக் கொடுத்தார்கள், அதற்கும் வரிசை. வீடு இடிந்து தகரக் கொட்டகையில் கிடந்தவர்களுக்கு அந்தக் குளிர்காலம் எப்படிக் கழிந்திருக்கும்? 2016 பிப்ரவரியில்தான் வழி திறந்தது.

இது முதல் முறையும் இல்லை. 1989 மார்ச்சில் வர்த்தக, போக்குவரத்து ஒப்பந்தங்கள் காலாவதியானபோது, இரண்டு வழிகளைத் தவிர எல்லாவற்றையும் இந்தியா மூடியது. காட்மாண்டுவில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் இரண்டு முறை மண்ணெண்ணெய் வரிசையில் நின்றிருப்பார்.

‘அண்ணன் தம்பி’ என்றீர்களே, அங்கேதான் பையன் சீண்டப்பட்டிருக்கிறான். நம் வீடுகளில் பாகப்பிரிவினை பார்த்தவர்களுக்கு அந்தச் சொல்லின் மறுபக்கம் தெரியும். அதைச் சொல்பவர் எப்போதும் அண்ணனாகவே இருப்பார். நம் எல்லா உறவுக்கும் அடிப்படை என்று சொல்லப்படும் 1950 அமைதி, நட்புறவு ஒப்பந்தத்தில் நேபாளத்தின் சார்பில் கையெழுத்திட்டவர் பிரதமர்; இந்தியாவின் சார்பில் கையெழுத்திட்டவர் தூதர். பரம்பரையாகப் பிரதமர் பதவியை வைத்திருந்த ராணா குடும்பத்தவரான அந்தப் பிரதமரின் ஆட்சி சில மாதங்களில் கவிழ்ந்தது. அந்த ஒப்பந்தத்தை மாற்றி எழுதலாமா என்று ஆராய இரு நாடுகளும் சேர்ந்து ஒரு குழு வைத்தன. 2018-இல் குழு அறிக்கையை முடித்துவிட்டது. அதை வாங்கிக்கொள்ள டெல்லிக்கு ஆண்டுக்கணக்கில் நேரம் கிடைக்கவில்லை.

சீனா? லாபம் பார்க்கிறது, அவ்வளவுதான். முற்றுகை முடிந்த கையோடு 2016 மார்ச்சில் நேபாளப் பிரதமர் கே.பி. ஒலி பெய்ஜிங் போய் மாற்று வழிக்கு ஒப்பந்தம் போட்டார். ஆனால் தியன்ஜின் துறைமுகம் மூவாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. கொல்கத்தா அதில் மூன்றில் ஒரு பங்கு தொலைவுகூட இல்லை. இரண்டு பாறைகளுக்கு நடுவே முளைத்த வள்ளிக்கிழங்கு தன் நாடு என்று பதினெட்டாம் நூற்றாண்டிலேயே மன்னர் பிருத்வி நாராயண் ஷா சொல்லிவிட்டார். எந்தப் பாறை எந்தப் பக்கம் நெருக்குகிறது என்று கிழங்குக்கு யாரும் தூண்டிவிட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

அவர்கள் பக்கம் கிறுக்குத்தனம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2000 டிசம்பரில், ஹிருத்திக் ரோஷன் நேபாளத்தை இழிவாகப் பேசினார் என்று ஒரு வதந்தி. அவர் மறுத்தார், பேசியதற்கு ஆதாரமும் இல்லை. ஆனாலும் காட்மாண்டுவில் கலவரம் வெடித்து உயிர்கள் போயின. அரசியல்வாதிகளுக்கோ இந்திய எதிர்ப்பு அட்சய பாத்திரம். இதே ஒலி 2020-இல் நாற்காலி ஆடியபோது, ராமர் பிறந்த அயோத்தி பீர்கஞ்சுக்கு மேற்கே இருக்கிறது என்றார். முதலில் சிரித்தவர்கள் நேபாளிகள்தான்.

‘நேபாளிகள்’ என்று நான் எழுதிக்கொண்டே போவதும் சரியில்லை. உங்கள் ஓட்டுநர் மலைக்காரர். பீர்கஞ்சில் ஒரு மதேசியைக் கேட்டால் அதே 2015-ஐ வேறு விதமாகச் சொல்வார். போலீஸ்காரர்கள் உட்பட நாற்பதுக்கும் மேற்பட்டோர் செத்த போராட்டம் அவருக்கு அது. அவர் மனைவி பீகாரில் பிறந்தவராக இருக்கலாம். ‘ரோட்டி – பேட்டி உறவு’ என்பார்கள், சோறும் பெண்ணும் கொண்டு கொடுத்த உறவு. மலைக்காரர்கள் அவரை ‘இந்தியன்’ என்று ஏசுவார்கள். பாட்னா போனால் அவர் நேபாளி. அவருக்கு டெல்லி மீதும் கோபம் உண்டு, தங்களைத் தெருவில் இறக்கிவிட்டுப் பாதியில் கைகழுவியதாக.

உங்கள் கடிதத்தில் ஒரு திருத்தம். நம் ராணுவத்தில் ‘சேர்கிறார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். 2022-இல் நான்கு ஆண்டுக்கு மட்டும் ஆள் எடுக்கும் அக்னிபத் திட்டம் வந்ததும் நேபாளத்திலிருந்து ஆள் எடுப்பது நின்றுவிட்டது. நான்கு ஆண்டு வேலைக்கு, கூர்க்காக்களைச் சேர்ப்பது பற்றி இந்தியாவும் பிரிட்டனும் நேபாளமும் செய்துகொண்ட 1947 உடன்பாட்டில் இடமில்லை என்பது அவர்கள் நிலை.

இனி அந்த ‘நீங்கள்’. நிலநடுக்கத்தின்போது ‘முதலில் ஓடியது நாம்’ என்கிறீர்கள். நீங்களோ நானோ ஓடவில்லை. அரசு விமானம் அனுப்பியது. நாம் தொலைக்காட்சியில் பார்த்து மார்தட்டிக்கொண்டோம். விமானம் அனுப்பிய ‘நாமி’ல் இஷ்டப்பட்டுச் சேர்ந்துகொண்டவர், லாரியை நிறுத்திய ‘நீங்களி’லிருந்து மட்டும் எப்படி நழுவ முடியும்? அந்தப் பையன் உங்கள் கணக்கைத்தான் உங்களுக்கே படித்துக் காட்டியிருக்கிறான்.

எங்கள் தெருவுக்கு ஒரு கூர்க்கா வருவார். இரவில் தடியைத் தட்டி விசில் ஊதுவார். மாதம் பிறந்தால் வீட்டுக்கு வீடு ஐம்பது ரூபாய். நிலநடுக்கத்தின்போது தெருவே அவரிடம் விசாரித்தது. முற்றுகையின்போது யாரும் கேட்கவில்லை, எங்களுக்குத் தெரியாது. 2016 நவம்பரில் பழைய நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது நாங்கள் எங்கள் வங்கி வரிசையில் நின்றோம். அடுத்த வருடம் சித்திரையில் அவர் ஊருக்குப் போய்விட்டு வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துப் பிரித்தார். நான்காக மடித்த ஏழு பழைய ஐநூறு ரூபாய் நோட்டுகள். மனைவி அரிசிப் பானைக்குள் சேர்த்து வைத்திருந்தாளாம். அங்கே எந்த வங்கியும் மாற்றித் தரவில்லை, இங்கே ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார். கெடு முடிந்துவிட்டது என்றேன்.

“உங்கள் ஊர் நோட்டுதானே சார்?” என்றார்.

பிறகு உறையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அந்த மாதத்து ஐம்பது ரூபாயைக் கேட்டார்.