புகைத்தவர் தோற்றார், கஜானா ஜெயித்தது: மிசிசிப்பியின் மைக் மூர் பற்றிக் கேள்வி பதில்

சட்டக் கல்லூரி மாணவி, மதுரை: சார், அமெரிக்க மாநில அட்டர்னி ஜெனரலும் நம்மூர் அட்வகேட் ஜெனரலும் ஒன்றுதானே?

இல்லைம்மா. இரண்டும் மாநில அரசின் தலைமை வக்கீல் பதவிதான், ஆனால் வருகிற வழி வேறு. நம் அட்வகேட் ஜெனரலை அரசியலமைப்பின் 165வது பிரிவின்படி ஆளுநர் நியமிக்கிறார். உண்மையில் அது ஆளுங்கட்சியின் தேர்வு. ஆட்சி மாறினால் அவரும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அங்கே 43 மாநிலங்களில் அட்டர்னி ஜெனரலை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆளுநருக்குப் பிடிக்காவிட்டாலும் வீட்டுக்கு அனுப்ப முடியாது. மாநிலத்தின் சார்பில் சிகரெட் கம்பெனிகள்மேல் வழக்குப் போட்ட மைக் மூரின் கதையே இந்த ஒரு முடிச்சில்தான் இருக்கிறது. பாஸ்ககூலா என்ற கடற்கரை ஊர்க்காரர். முதலில் மாவட்ட அரசு வழக்கறிஞராக இருந்து, 1988 முதல் 2004 வரை மிசிசிப்பி அட்டர்னி ஜெனரலாக இருந்தார்.

வங்கி ஊழியர், திருச்சி: புகைத்தவர்கள் போட்ட வழக்கெல்லாம் தோற்றுப்போனதாகப் படித்தேன். இவர் மட்டும் எப்படி?

நல்ல கேள்வி. 1950களிலிருந்து நூற்றுக்கணக்கான வழக்குகள் வந்தன. "தெரிந்துதானே பிடித்தாய்?" என்ற ஒரே கேள்வியில் சிகரெட் கம்பெனிகள் தப்பித்தன. தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்த பொதுமக்கள் குழுவான ஜூரிகளும் அதைத்தான் நினைத்தார்கள். (இருபது வருஷம் பிடித்துவிட்டு விட்டவன் நான். என்னிடம் கேட்டிருந்தாலும் பதில் இருந்திருக்காது.)

கிளார்க்ஸ்டேல் என்ற சிற்றூரின் வக்கீல் மைக் லூயிஸுக்கு வேறு யோசனை வந்தது. ஏழை நோயாளிகளின் சிகிச்சைச் செலவை மெடிகெய்ட் திட்டத்தில் மாநிலம்தானே கட்டுகிறது? மாநிலம் ஒரு சிகரெட்கூடப் பிடிக்கவில்லையே! அப்படியானால் "தெரிந்துதானே பிடித்தாய்" என்று யாரைப் பார்த்துக் கேட்பது? பழைய கல்லூரித் தோழரான மூரிடம் போய்ச் சொன்னார். 1994 மே மாதம் வழக்கு தாக்கலானது. ஒரு மாநிலம் புகையிலைக் கம்பெனிகள்மேல் போட்ட முதல் வழக்கு அது.

சாமர்த்தியம் இன்னொன்றும் உண்டு. வழக்கைப் போட்டது சான்சரி நீதிமன்றத்தில். அங்கே ஜூரி கிடையாது, நீதிபதி மட்டும்தான். "உங்கள் சரக்கால் வந்த செலவை நாங்கள் சுமந்தோம், லாபத்தை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள், திருப்பிக் கொடுங்கள்" என்பதுதான் வாதம். 1995 நவம்பரில், பிரவுன் அண்ட் வில்லியம்சன் கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவுத் தலைவராக இருந்த ஜெஃப்ரி வைகண்ட், வாய் திறக்கக் கூடாது என்று கெண்டக்கி நீதிமன்றம் போட்ட தடையையும் மீறி, பாஸ்ககூலாவுக்கு வந்து கம்பெனிக்கு எதிராக வாக்குமூலம் கொடுத்தார். 1996ல் லிக்கெட் என்ற சிறிய கம்பெனி தனியாகப் பிரிந்து சமரசத்துக்கு வந்தது. அதோடு மற்றவர்களின் கோட்டையிலும் விரிசல் விழுந்தது.

ஓய்வுபெற்ற தாசில்தார், தஞ்சாவூர்: சொந்த மாநில ஆளுநரே எதிர்த்தாராமே?

ஆமாங்கய்யா. அங்கே ஆளுநர் என்றால் நம் முதல்வர் மாதிரி, ஆட்சி நடத்துபவர். கிர்க் ஃபோர்டிஸ் குடியரசுக் கட்சி, மூர் ஜனநாயகக் கட்சி. "மெடிகெய்ட் என் துறை, என் சம்மதமில்லாமல் அதன் பேரில் வழக்குப் போட நீ யார்?" என்று மூர் மேலேயே ஆளுநர் வழக்குத் தொடுத்தார். 1997ல் மாநில உச்ச நீதிமன்றம் ஆளுநரின் மனுவைத் தள்ளிவிட்டது. அதே ஆண்டு ஜூலை 3 அன்று, விசாரணை தொடங்கச் சில நாளே இருக்கையில், கம்பெனிகள் இறங்கி வந்தன. 25 ஆண்டுகளில் சுமார் 336 கோடி டாலர். அடுத்தடுத்து ஃபுளோரிடா, டெக்சாஸ், மினசோட்டா. 1998 நவம்பரில் மீதி 46 மாநிலங்களுக்கும் சேர்த்து 20,600 கோடி டாலர் ஒப்பந்தம்.

இளம் வக்கீல், கோவை: வக்கீல்களுக்கு என்ன கிடைத்தது?

அதானே பார்த்தேன், நம்ம ஆட்கள் இதைக் கேட்காமல் விடுவார்களா! ஜெயித்தால்தான் பீஸ் என்ற ஏற்பாட்டில் வெளி வக்கீல்கள் கைக்காசு போட்டு நடத்தினார்கள். மிசிசிப்பி வழக்குக்கு மட்டும் நடுவர் குழு நிர்ணயித்தது 143 கோடி டாலர். முன்னின்று நடத்திய ரிச்சர்ட் ஸ்க்ரக்ஸ் பெரும் பணக்காரரானார். 2008ல் வேறொரு விவகாரத்தில் நீதிபதிக்கு லஞ்சம் கொடுக்கச் சதி செய்ததை ஒப்புக்கொண்டு சிறைக்கும் போனார். மூர் அரசுச் சம்பளக்காரர், இந்தப் பீஸில் அவருக்குப் பங்கில்லை.

ஆசிரியை, நாகர்கோவில்: மூர் தோற்றதே இல்லையா?

தேர்தலில் தோற்றிருக்கிறார், டீச்சர். 1989 இடைத்தேர்தலில் நாடாளுமன்றத்துக்கு நின்றார், எடுபடவில்லை. பதவியை விட்டபின் ஓபியாய்டு வலி மாத்திரைக் கம்பெனிகள் மேலான வழக்குகளிலும் இறங்கினார்.

பல் மருத்துவர், சேலம்: வந்த பணம் சுகாதாரத்துக்குப் போனதா?

ஓரளவுதான். மிசிசிப்பியில் 1999ல் அறக்கட்டளை நிதியாக ஒதுக்கினார்கள். அசலைத் தொடாமல் வட்டியை மட்டும் எடுப்பதாகத்தான் பேச்சு. பட்ஜெட்டில் துண்டு விழுந்தபோதெல்லாம் சட்டமன்றம் அந்த அசலிலேயே கை வைத்தது.

அதே பல் மருத்துவர்: அப்படியானால் கடைசியில் யார் பணம் சார் அது?

46 மாநில ஒப்பந்தம் கையெழுத்தான அன்றே பெரிய கம்பெனிகள் பாக்கெட்டுக்கு 45 சென்ட் விலை ஏற்றின. புகைப்பவர்தான் கட்டினார். போதாக்குறைக்கு, மாநிலங்களுக்கு வரும் தொகை சிகரெட் விற்பனையோடு பிணைந்தது. விற்பனை குறைந்தால் தவணையும் குறையும்.