ஜெபிக்க முடியவில்லை என்றால் விசுவாசம் போய்விட்டதா?

புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் உங்கள் அம்மா, ஆயுள் முழுக்க ஜெபித்தவர், இப்போது ஜெபிக்கவே வரவில்லை என்று அழுகிறார். அவருடைய விசுவாசம் போய்விட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. அதே நிலையில் கிடந்தவன் என்பதால் தயங்காமல் சொல்கிறேன்.

எனக்கு வந்தது நிணநீர்ப் புற்றுநோய். 21 நாட்களுக்கு ஒரு முறை என்று ஆறு சுற்று கீமோதெரபி. முதல் வாரம் குமட்டல். இரண்டாம் வாரம் வெள்ளை அணுக்கள் குறைந்துவிடும். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் நள்ளிரவானாலும் உடனே வந்துவிட வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மூன்றாம் வாரம் சற்றுத் தலைதூக்கியதும் அடுத்த சுற்று. பாதி சிகிச்சை முடிவதற்குள் வேதாகமத்தில் ஒரே வசனத்தை நான்கு முறை வாசித்தாலும் மனத்தில் ஏறாமல் போயிற்று. 'ஆண்டவரே' என்று தொடங்குவேன். அதற்கு மேல் சொல் வராது. உடம்பு ஓய்ந்துபோனதை ஆவியின் குறையாக எண்ணி என்னை நானே வதைத்துக்கொண்டேன்.

அந்த நாட்களில் பார்க்க வந்த ஒருவர், முழு விசுவாசம் இருந்திருந்தால் இதற்குள் சுகம் கிடைத்திருக்குமே என்றார். அன்போடுதான் சொன்னார். ஆனால் அன்று இரவு முழுக்க, எனக்குள் எங்கே அவிசுவாசம் ஒளிந்திருக்கிறது என்று தேடிக்கொண்டே விழித்துக் கிடந்தேன். நோயாளியிடம் இப்படிச் சொல்வது கொடுமை, வேதத்துக்கும் பொருந்தாது. அப்போஸ்தலர் பவுல், தன் மாம்சத்தில் 'முள்' என்று அவரே சொன்ன ஒரு வேதனையை நீக்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை, 'என் கிருபை உனக்குப்போதும்' என்ற பதில்தான் வந்தது. அதே பவுல் தன் உடன் ஊழியர் துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்து என்ற ஊரில் விட்டுவர வேண்டியிருந்தது. அவர்களுக்கெல்லாம் விசுவாசம் போதவில்லை என்று யார் சொல்வது?

மருந்து விஷயத்திலும் இதே குழப்பம் வரும். எசேக்கியா ராஜா சாகும் அளவுக்கு வியாதிப்பட்டபோது அழுது ஜெபித்தார். அவருடைய ஆயுளில் 15 ஆண்டுகள் கூட்டிக் கொடுக்கப்பட்டன. அந்த வாக்குறுதியைச் சொன்ன ஏசாயா தீர்க்கதரிசியே அவருடைய பிளவையின்மேல் (கட்டியின்மேல்) அத்திப்பழத்து அடையைப் பற்றுப்போடவும் சொன்னார். சிகிச்சையை நிறுத்திவிட்டு ஜெபியுங்கள் என்று யாராவது அம்மாவிடம் சொன்னால் தயவுசெய்து இடம் கொடுக்காதீர்கள். அழுகையும் சோர்வும் நாள்கணக்கில் நீடித்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்கும் உதவி உண்டு.

என்னைத் தூக்கிவிட்டது மாற்கு இரண்டாம் அதிகாரம். திமிர்வாதக்காரன் ஒருவனை, அதாவது உடல் செயலிழந்து கிடந்தவனை, இயேசுவிடம் நாலுபேர் சுமந்து வந்து, கூட்டத்தில் நுழைய முடியாமல் வீட்டின் மேற்கூரையைப் பிரித்துப் படுக்கையோடு இறக்குகிறார்கள். எத்தனையோ முறை கேட்ட பகுதிதான். என் அக்கா கட்டிலருகே அமர்ந்து வாசித்தபோதுதான் அந்தச் சொல் காதில் விழுந்தது: 'இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு.' அவர்கள்! படுத்திருந்தவன் ஜெபித்ததாக அங்கே ஒரு வரிகூட இல்லை. அவன் சுமக்கப்பட்டான், அவ்வளவுதான். அன்றைக்கு நான் அழுத அழுகை வேறு மாதிரியானது.

அதன் பிறகு சங்கீதம் 88 எனக்கு நெருக்கமானது. மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் எங்காவது நம்பிக்கைக்குத் திரும்பிவிடும். இது சிநேகிதரும் தோழரும் தூரமானார்கள் என்ற முறையீட்டோடு அப்படியே நின்றுவிடுகிறது. அதுவும் வேதத்தில் இருக்கிறது என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். கோபத்தையும் பயத்தையும் ஆண்டவரிடமே சொல்லலாம். சொல்லே வராவிட்டால், ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் எட்டாம் அதிகாரம் சொல்கிறது. அம்மாவின் பெருமூச்சு கணக்கில் இருக்கிறது.

இப்போது என் பரிசோதனைகளில் நோயின் அடையாளம் இல்லை. நன்றி சொல்கிறேன். ஆனால் இதை என் விசுவாசத்துக்குக் கிடைத்த பரிசு என்று சொல்ல மாட்டேன். என்னைவிட உறுதியாக நம்பிய ஒருவர் பக்கத்துக் கட்டிலில் இறந்துபோனார்.

ஆகவே, அம்மாவை ஜெபிக்கச் சொல்வதைக் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள். நீங்கள் அருகே அமர்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, சுருக்கமாக ஜெபியுங்கள். ஒரு சங்கீதத்தை மெதுவாக வாசியுங்கள். அவர் 'ஆமென்' சொல்லவில்லை என்றாலும் பரவாயில்லை. என் அக்கா வாசிக்கத் தொடங்கிய சற்று நேரத்தில் நான் பெரும்பாலும் தூங்கிவிடுவேன். அவர் கடைசி வசனம் வரை வாசித்துவிட்டுத்தான் எழுந்து போவார்.