கப்பலில் மளிகைக் கடை வைத்திருந்தவர்

கேள்வி: நான் 1988-இல் கடற்படையில் மாலுமியாகச் சேர்ந்தேன். சில்காவில் அடிப்படைப் பயிற்சி, அப்புறம் மலாடு ஐஎன்எஸ் ஹம்லாவில் ஸ்டோர்ஸ், அதாவது சரக்கு அறை வேலைக்கான பயிற்சி. 24 வருஷமும் கப்பலிலும் கரையிலும் இதே வேலைதான். சீஃப் பெட்டி ஆபீசராக ஓய்வு பெற்றேன். பிவண்டியில் ஒரு கிடங்கில் சில காலம் வேலை பார்த்துவிட்டு இப்போது செம்பூரில் வீட்டோடு இருக்கிறேன். என் அண்ணனும் கடற்படைதான், பீரங்கிப் பிரிவு. ஊர்க் கோயில் கொடையில் அவருக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள். என்னை 'கப்பல்ல மளிகைக் கடை வச்சிருந்தவன்' என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். 2006-இல் பெய்ரூட்டில் இருந்து நம் மக்களை ஏற்றி வந்தபோதுகூட நான் போர்வையும் பால் பவுடரும் கணக்குப் பார்த்துக் கொடுத்ததோடு சரி. வருகிற கடற்படை நாளுக்கு இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளிடம் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். மகன் என் அனுபவத்தை போனில் பதிவு செய்யணும் என்கிறான். எனக்குச் சொல்ல என்ன இருக்கிறது? திரும்பிப் பார்த்தால் வெறும் லெட்ஜர்தான் தெரிகிறது. பிள்ளைகள் வளர்ந்ததைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை.
– வாசகர், செம்பூர், மும்பை

அன்புள்ள சீஃப்,

பெய்ரூட்டை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். நான் அந்த வரியைத் தாண்டிப் போக முடியாமல் அங்கேயே நின்றுவிட்டேன்.

2006 ஜூலையில் லெபனானில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. மத்தியதரைக் கடல் பயணத்தை முடித்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த நம் நான்கு கப்பல்களைத் திருப்பிவிட்டார்கள். அவை பெய்ரூட்டுக்குப் போய் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஏற்றி சைப்ரஸில் இறக்கின. இந்தியர்களோடு இலங்கைக்காரர்களும் நேபாளிகளும் இருந்தார்கள். இதில் 'ஊர் திரும்பிக்கொண்டிருந்த' என்பதை ஸ்டோர்ஸ்காரர்கள் கவனித்துப் படிப்பார்கள். பயணத்தின் கடைசிக் கட்டத்தில் சரக்கு அறை எப்படி இருக்கும் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். எல்லாம் அடிமட்டத்துக்கு வந்திருக்கும். அந்த நிலையில் கைக்குழந்தையும் பாட்டியுமாக ஒரு கூட்டம் ஏறுகிறது. அவர்களுக்கும் குறையக்கூடாது, கப்பல் ஆட்களுக்கும் குறையக்கூடாது, மறுபடி எப்போது சரக்கு ஏறும் என்றும் தெரியாது. எவ்வளவு எடுத்துக் கொடுக்கலாம், எவ்வளவைத் தொடாமல் வைக்கலாம் என்று யாரோ ஒருவர் அங்கே கணக்குப் போட்டிருக்கிறார். கணக்குப் பார்த்துக் கொடுத்ததோடு சரி என்கிறீர்கள். அந்தக் குழந்தையின் அம்மாவுக்கு அந்த ராத்திரியில் கடற்படை என்றால் நீங்கள் கொடுத்த பால்தான்.

எனக்கும் சப்ளை பிரிவுதான் சோறு போட்டது, அதனால் ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. ஊரில் சிரிக்கிறவர்களுக்குக் கடற்படையின் கதை பாதிதான் தெரியும். அந்தப் பாதியை வைத்தே உங்களை நீங்களே அளக்கவும் பழக்கிவிட்டார்கள்.

டிசம்பர் 4 ஏன் கடற்படை நாள் ஆனது? 1971 பாகிஸ்தான் போரில் அன்றிரவு நிபாத், நிர்காத், வீர் என்ற மூன்று ஏவுகணைப் படகுகள் கராச்சியைத் தாக்கின. அந்தப் பெயர்களை மேடையில் சொன்னால் கைதட்டு விழும், விழத்தான் வேண்டும். ஆனால் அவை கரையோரக் காவலுக்கென்று கட்டிய சின்னப் படகுகள். கராச்சி வரை போய்த் திரும்பும் அளவுக்கு அவற்றில் எண்ணெய் கொள்ளாது. அதனால் கூடவே போஷக் என்று ஒரு எண்ணெய்க் கப்பலும் போனது. எண்ணெய்க்கு வழி செய்யாமல் அந்தத் திட்டத்தைக் காகிதத்தில்கூட எழுதியிருக்க முடியாது. போஷக்கில் இருந்த மாலுமிகளுக்கு ஊரில் யார் பொன்னாடை போர்த்தினார்கள் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் பேசப்போகிற மேடையில் அந்தப் பெயரை ஒரு தடவையாவது சொல்லுங்கள்.

இன்னொன்று நம் மும்பையிலேயே நடந்தது. 1946 பிப்ரவரி 18 அன்று கொலாபாவில், எச்எம்ஐஎஸ் தல்வார் தளத்தில் மாலுமிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வெள்ளை அதிகாரிகளின் இழிபேச்சு, சம்பள வேறுபாடு, நாட்டில் எழுந்திருந்த விடுதலை வேகம் என்று காரணங்கள் ஆழமானவை. ஆனாலும் அன்று காலை அது வெடித்தது சாப்பாட்டுத் தட்டில்தான். வாயில் வைக்க முடியாத சாப்பாடு, சொல்லிச் சொல்லிப் பார்த்தும் காதில் போட்டுக்கொள்ள ஆள் இல்லை. சில நாட்களுக்குள் கராச்சி, சென்னை, விசாகப்பட்டினம் என்று பரவி சுமார் 20,000 மாலுமிகள் சேர்ந்துவிட்டார்கள். நல்ல பருப்பு ஊற்றியிருந்தால் கிளர்ச்சியே வந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. ஒரு மாலுமியைத் தன் மேலிடம் மனுஷனாக மதிக்கிறதா இல்லையா என்பது தினமும் மூன்று வேளை அவன் தட்டில் தெரிந்துவிடுகிறது. 24 வருஷம் அந்தத் தட்டு உங்கள் பொறுப்பிலும் இருந்தது.

இனி பிள்ளைகளிடம் என்ன பேசலாம் என்று பார்ப்போம். கப்பலின் சரக்கு அறை எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. உங்கள் அண்ணனே எத்தனை தடவை இறங்கிப் பார்த்திருப்பார்? நீர்மட்டத்துக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறை. ஏணியில் இறங்கும்போதே பெயின்ட்டும் ரப்பரும் சணலும் கலந்த வாடை. கூரை வரைக்கும் இரும்பு அலமாரி, தட்டுக்குத் தட்டு இருப்பு எழுதிவைக்கிற பின் கார்டு. ஜூலை மாதத்து அரபிக் கடலில் கப்பல் புரளும்போது ஒரு பெட்டிகூட நகராதபடி கயிறு போட்டுக் கட்டியிருக்க வேண்டும். நடுராத்திரி இன்ஜின் ரூமில் இருந்து ஒரு பையன் டிமாண்ட் எழுதின காகிதத்தோடு ஓடி வருவான். கடல்நீரை நன்னீராக்கும் எந்திரத்தில் ஒரு ரப்பர் வளையம் போய்விட்டிருக்கும். கைக்குள் அடங்குகிற சாமான்தான், ஆனால் அது இல்லையென்றால் விடிந்ததும் குளிக்கத் தண்ணீர் கிடையாது, அடுத்து குடிக்கிற தண்ணீரையும் அளந்துதான் ஊற்றணும். அது எந்த வரிசை, எந்தத் தட்டு என்று தூக்கக் கலக்கத்திலும் உங்கள் கை நேராக அங்கே போயிருக்கும். காட்கோபரில் இருக்கும் கடற்படைச் சரக்கு டிப்போவில் வாங்காமல் விட்டதை நடுக்கடலில் யாரிடம் போய்க் கேட்பது?

காய்கறி விஷயத்தையும் சொல்லுங்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். துறைமுகத்தைவிட்டுக் கிளம்பினால் முதலில் கீரை போகும், தக்காளி போகும். கோஸும் பூசணியும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். கடைசியில் உருளையும் வெங்காயமும் பருப்பும்தான். எது முதலில் அழுகுமோ அது கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும், அதற்கேற்ற மாதிரி சமையல் பட்டியல் மாற வேண்டும். பிவண்டியில் இன்று பெரிய பெரிய கம்பெனிகள் கம்ப்யூட்டர் வைத்துச் செய்கிற வேலை இது. நீங்கள் அங்கே போய் வேலை பார்த்தபோது எதுவும் புதிதாக இருந்திருக்காது.

கணக்கு சுத்தமாக இருந்தது என்பதையும் தயங்காமல் சொல்லுங்கள். நான் இளைஞனாக இருந்தபோது எங்களுக்கு ஒரு மூத்த சீஃப் இருந்தார். வெங்காய மூட்டை வந்து இறங்கினால் வாயைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட மாட்டார். மூட்டையைத் தலைகீழாகக் கவிழ்க்கச் சொல்வார். மேலே பளபளவென்று இருக்கும், அடியில் கை வைத்தால் விரலில் சாறு ஒட்டும். ஒப்பந்தக்காரரின் ஆள் சிரித்துப் பேசுவான், டீ வாங்கித் தருகிறேன் என்பான். சீஃப் ஒன்றும் பேசாமல் மூட்டையைத் திருப்பி லாரியில் ஏற்றச் சொல்வார். சில நேரம் அவருடைய மேலதிகாரிக்கே அது பிடிக்காது, கப்பல் கிளம்பத் தாமதமாகும் என்று முகம் சுளிப்பார். அந்த மனுஷர் போரில் சுட்டதில்லை. எனக்குத் தெரிந்த துணிச்சல்காரர்களில் அவருக்கு முதல் வரிசையில் இடம் உண்டு.

மாற்றல் வந்தால் மஸ்டர் எடுத்து ஒப்படைப்போமே, ஞாபகம் இருக்கிறதா? அடுத்து வருகிறவரோடு உட்கார்ந்து ஒவ்வொரு சாமானையும் எண்ண வேண்டும். தாதரில் ரயிலுக்கு டிக்கெட் எடுத்து வைத்திருப்போம், வீட்டில் பெட்டி கட்டிக் காத்திருப்பார்கள். ஒரு டார்ச் லைட் குறைந்தால்கூட அதற்கு விடை கிடைக்கிறவரை கிளம்ப முடியாது. நாட்டின் சொத்துக்குக் கையெழுத்துப் போட்டு வாங்கி, கணக்குக் குறையாமல் திருப்பிக் கொடுத்து, அடுத்த கப்பலில் மறுபடி வாங்கி, இப்படியே 24 வருஷம் போயிருக்கிறது. வெறும் லெட்ஜர் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த லெட்ஜரில் உங்கள் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் எதுவும் இல்லை என்றால், அதை உங்கள் மகன் கேட்டாக வேண்டும்.

அண்ணன் மேல் கோபம் வேண்டாம். பொன்னாடை அவர் கேட்டு வாங்கினது இல்லையே. முடிந்தால் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பதிவு செய்யுங்கள். பீரங்கிக்கு ஸ்பேர் வராமல் தவித்த நாட்களை அவரிடமே கேளுங்கள், உங்கள் வேலையின் மதிப்பு அவர் வாயாலேயே வரும்.

பிள்ளைகள் வளர்ந்ததைப் பார்க்கவில்லை என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். இதற்கு என்னிடம் சமாதானம் இல்லை. போன வருஷங்கள் போனதுதான், சேவை, தியாகம் என்று பெரிய வார்த்தை போட்டு அதை மூடவும் எனக்கு மனசு வரவில்லை. ஒன்று மட்டும் செய்யலாம். மகன் போனை எடுத்து வைக்கும்போது உங்கள் மனைவியையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் கடலில் இருந்த மாதங்களில் வீட்டில் என்ன நடந்தது, யாருக்குக் காய்ச்சல், எந்த ஸ்கூலில் இடம் கிடைக்கவில்லை, கடிதம் வராத வாரம் எப்படிப் போனது என்று அவர் சொல்லட்டும். நீங்கள் குறுக்கே பேசாமல் கேளுங்கள். இந்தப் பக்கம் தெரியாமல் உங்கள் கதை முழுசாகாது.

நீங்கள் கேட்காத ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், நம் ஆட்கள் பலர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். டிரங்குப் பெட்டியில் இருக்கும் டிஸ்சார்ஜ் சான்றிதழையும் பென்ஷன் ஆணையையும் வெளியே எடுங்கள். உங்கள் மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் அதில் எப்படி இருக்கிறது என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். நமக்கு இனிஷியல் பழக்கம். ஆதாரில் அப்பா பெயரை விரித்து எழுதியிருப்பார்கள், பேங்கில் கணவர் பெயர் ஒட்டியிருக்கும், சர்வீஸ் ரெக்கார்டில் வெறும் எழுத்து மட்டும் நிற்கும். நீங்கள் இருக்கும்போது இது சின்ன விஷயம். நாளைக்குக் குடும்பப் பென்ஷனுக்கு அவர் தனியாக அலையும்போது இதுதான் பெரிய மலை. மாலுமிகளின் ஆவணங்களைப் பார்க்கிற பீரோ ஆஃப் செய்லர்ஸ் அலுவலகம் மான்குர்டு சீத்தா கேம்பில் இருக்கிறது, செம்பூருக்கு அது பக்கம்தான். படையினர் பென்ஷனுக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் உங்கள் விவரங்கள் எப்படி ஏறியிருக்கின்றன என்பதையும் மகனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வித்தியாசம் இருந்தால் இந்த மாதமே விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள். போகும்போது மனைவியையும் கூட்டிப் போங்கள். எந்தக் காகிதம் எந்த உறையில் இருக்கிறது என்று அவருக்கும் தெரிந்திருக்கட்டும்.