மூலிகைதானேன்னு குடுக்கலாமா டாக்டர்?

கேள்வி: டாக்டர், என் பையனுக்கு ரெண்டரை மாசம். சாயங்காலம் ஆனா போதும், காலை மடக்கிக்கிட்டு வீல்னு கத்துறான். மாமியார் வசம்பு சுட்டு தேன்ல உரசி நாக்குல தடவுறாங்க, அன்னாசிப்பூ போட்டு கொதிக்கவெச்ச தண்ணி வேற ரெண்டு ஸ்பூன். "மூலிகைதானே, என்ன பண்ணிடும், உன் புருஷனையும் இப்படித்தான் வளர்த்தேன்"ங்கிறாங்க. எனக்கு உள்ளுக்குள்ள பயம். குடுக்கலாமா?

பதில்: மாமியார் மேல கோவப்படாதீங்கம்மா, அவங்க பார்த்தது பொய்யில்ல. இந்த அழுகை பொறந்து ரெண்டு மூணு வாரத்துல ஆரம்பிச்சு, ஆறாவது வாரம் வாக்குல உச்சத்துக்குப் போயி, மூணு நாலு மாசத்துல தானாவே அடங்கிடும். அந்த நேரத்துல எதைக் குடுத்துட்டு இருந்தாங்களோ அதுக்கு நல்ல பேரு!

முதல்ல அந்த தேனை இன்னிக்கே நிறுத்துங்க. ஒரு வயசு வரைக்கும் தொட்டுக்கூட வைக்கக்கூடாது. தேன்ல ஒரு கிருமியோட விதை இருக்கலாம், நம்ம குடல்ல அது முளைக்காது, கைக்குழந்தை குடல்ல முளைச்சு விஷத்தைக் கக்கும். பாட்டுலிசம்னு பேரு. இதுல கொடுமை என்னன்னா பெரும்பாலும் முதல் அறிகுறியே மலச்சிக்கல்தான், அதுக்கும் ஒரு கசாயம்னு வீட்டுல ஆரம்பிச்சிடுவாங்க, அதுக்குள்ள அழுகுரல் மெலிஞ்சு, பால் உறிஞ்ச முடியாம, கழுத்து துவண்டு போயிடும்.

அடுத்து அன்னாசிப்பூ. சமையலுக்குப் போடுறதுக்கும், அதே ஜாடையில இருக்கிற ஜப்பான் வகைக்கும் காய்ஞ்சப்புறம் கண்ணால வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது, ஆனா அந்த ஜப்பான் வகை விஷம், வலிப்பையே கொண்டுவரும். கலப்படமா வந்து, அந்த டீயைக் குடிச்ச பச்சைக் குழந்தைங்க உட்பட பலர் பாதிக்கப்பட்டதால 2003ல அமெரிக்காவோட உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. குடிக்கவே வேணாம்னு எச்சரிச்சுது. அன்னிக்கு உங்க வீட்டுக்காரருக்குக் குடுத்ததும் இன்னிக்கு நீங்க வாங்கின பாக்கெட்டும் ஒண்ணுதான்னு யாரால சொல்ல முடியும்?

வசம்புலயும் ஆசரோன்னு ஒரு சமாச்சாரம் இருக்கு, எலிகளுக்குக் குடுத்துப் பார்த்ததுல கட்டி வந்ததால உணவுல சேர்க்கவே 1968ல அமெரிக்காவுல தடை போட்டாங்க. ஒரு உரசுல எவ்வளவு போகுதுன்னு கணக்கே கிடையாது, அஞ்சு கிலோ உடம்புக்கு, இன்னும் பழகாத ஈரலுக்கு, அது சின்ன விஷயமில்லம்மா. (சளிக்கு கற்பூரம், யூகலிப்டஸ் தைலம்னு யாராவது கிளம்பினா அதையும் தடுத்துடுங்க, அதுவும் வலிப்புல கொண்டு விடும்.)

ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணிகூட வேணாம். அழுதா தோள்ல போட்டு ஏப்பம் விடவைங்க, தூக்கிட்டு நடங்க. மாமியார்கிட்ட நீங்க சண்டை போட வேணாம், அடுத்த தடுப்பூசிக்கு அவங்களையும் கூட்டிட்டுப் போங்க, டாக்டர் வாயால வரட்டும்.

இதுவரைக்கும் குடுத்ததை டாக்டர்கிட்ட மறைக்காதீங்க. குழந்தை எழுப்பினாலும் எழாம தூங்குனா, பால் குடிக்கலைன்னா, தொடர்ந்து வாந்தி எடுத்தா, கை கால் வெட்டி வெட்டி இழுத்தா, கண்ணு மஞ்சளா தெரிஞ்சா உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க, அந்த வசம்புத் துண்டு, தேன் பாட்டில், பாக்கெட் எல்லாத்தையும் ஒரு பையில போட்டு கையோட எடுத்துட்டுப் போங்க.