ஒரு கிலோ எண்ணெயை எரித்தால் மூன்று கிலோ கரியமில வாயு வருமா?

வரும். சாமல்பட்டி எண்ணெய் மின்நிலையத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், நம்ம திருப்பத்தூரைத் தாண்டினால் வந்துவிடும், அதனால் எனக்கும் இந்தக் கணக்கில் ஒரு ஆர்வம் உண்டு. இப்படிப்பட்ட நிலையங்களில் எரிக்கும் உலை எண்ணெயின் (ஃபர்னஸ் ஆயில்) எடையில் 85 சதவீதத்துக்கு மேல் கார்பன்தான். எரியும்போது ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்வதால் 12 பங்கு எடை 44 பங்காக ஊதிவிடும். கூடுதல் எடை காற்றுடையது, எண்ணெயுடையது இல்லை.

அங்கே இருந்தவை கப்பலில் இருப்பதைப் போன்ற பெரிய இன்ஜின்கள், மொத்தம் சுமார் 105 மெகாவாட். இந்த வகை இன்ஜின் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 200 கிராம் எண்ணெய் குடிக்கும், அதாவது 600 கிராமுக்குக் கொஞ்சம் மேலே கரியமில வாயு. எல்லாம் முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு 65 டன் போல வரும்.

நிலக்கரி இதைவிட மோசம், யூனிட்டுக்கு ஒரு கிலோவை நெருங்கும். ஆனால் எண்ணெய் விலை யாருக்குக் கட்டுப்படியாகும்?

அப்புறம், ராணிப்பேட்டைப் பக்கம் ஜெனரேட்டர் கக்கும் கரும்புகை கரியமில வாயு அல்ல, சரியாக எரியாத கரித்தூள். கரியமில வாயு கண்ணுக்கே தெரியாது.