ரேடியோ நிலையத்தின் பெயர் மாறியிருக்கிறது, கை மாறியிருக்கிறதா?

கேள்வி: நியூ ஜெர்சி எடிசனில் வசிக்கிறோம். நண்பர்கள் சிலர் சேர்ந்து, உள்ளூர் ஏஎம் நிலையத்தில் சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரத்தை விலைக்கு வாங்கித் தமிழ் நிகழ்ச்சி நடத்துகிறோம். ஆறு மாதப் பணத்தை முன்கூட்டியே கட்டிவிட்டோம். போன வாரத்திலிருந்து நிலையம் தன் பெயரை வேறு எழுத்துகளில் சொல்கிறது. விற்றுவிட்டார்களா? எங்கள் ஒப்பந்தம் செல்லுமா? எங்கே பார்த்துத் தெரிந்துகொள்வது?

பதில்: எழுத்து மாறியதை மட்டும் வைத்து விற்பனை என்று முடிவுகட்ட வேண்டாம். அமெரிக்க வானொலியில் கால் சைன் எனப்படும் எழுத்துப் பெயர் ஒன்று. வானொலி, தொலைக்காட்சிகளை ஒழுங்குபடுத்தும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்சிசி கொடுத்த உரிமம் ஒருவர் கையில் இருக்கும். நேரத்தைக் குத்தகைக்கு எடுத்து அன்றாடம் ஒலிபரப்புபவர் வேறொருவராக இருக்கலாம். இந்த மூன்றும் தனித்தனியாக மாறக்கூடியவை.

உங்கள் ஊரில் கேட்கிற நியூயார்க் 880 ஏஎம்மையே எடுத்துக்கொள்ளுங்கள். பல பத்தாண்டுகள் செய்தி நிலையமாக இருந்த டபிள்யூசிபிஎஸ், 2024 ஆகஸ்ட் 26 அன்று டபிள்யூஹெச்எஸ்க்யூ ஆனது. செய்தி நின்று இஎஸ்பிஎன் விளையாட்டு வந்தது. நடத்தும் பொறுப்பு குட் கர்மா பிராண்ட்ஸ் கைக்குப் போனது. உரிமம் மட்டும் ஆடசி நிறுவனத்திடமே இருந்தது. நேரெதிர் உதாரணம் பிட்ஸ்பர்க்கின் கேடிகேஏ. 1920களிலிருந்து அதே எழுத்துகள்தான். உரிமையாளர்தான் வெஸ்டிங்ஹவுஸ், சிபிஎஸ், என்டர்காம் என்று மாறிவந்திருக்கிறார். அந்த என்டர்காம்தான் 2021இல் ஆடசி என்று பெயர் மாற்றிக்கொண்டது.

ஆகவே முதலில், எஃப்சிசி நிலையத்துக்குக் கொடுத்திருக்கும் ஃபெசிலிட்டி ஐடி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பட்டாவில் யார் பெயர் ஏறினாலும் சர்வே எண் நிலத்தோடு இருப்பதுபோல, எழுத்தும் ஆளும் மாறினாலும் இந்த எண் அந்த நிலையத்தோடு இருக்கும். எழுத்துகளை நம்பித் தேடினால் வேறு ஊருக்குப் போய்ச் சேருவீர்கள். வாஷிங்டன் 9ஆம் சேனலின் வரலாறு இதற்கு நல்ல சான்று. 1978இல் வாஷிங்டன் போஸ்ட் நிறுவனம் தன் டபிள்யூடிஓபி தொலைக்காட்சியை டெட்ராய்ட்டின் ஈவினிங் நியூஸ் அசோசியேஷனுக்குக் கொடுத்து, அவர்களுடைய டபிள்யூடபிள்யூஜே தொலைக்காட்சியை மாற்றிக்கொண்டது. ஒரே ஊரில் நாளிதழும் தொலைக்காட்சியும் ஒரே கையில் இருக்க எஃப்சிசி விடாது என்ற அச்சம் இரு தரப்புக்கும் இருந்தது. வாஷிங்டன் நிலையம் டபிள்யூடிவிஎம் ஆனது, டெட்ராய்ட் நிலையம் டபிள்யூடிஐவி ஆனது. 1986இல் வாஷிங்டன் நிலையம் கேனட் என்ற ஊடக நிறுவனத்தின் கைக்கு வந்ததும் டபிள்யூயூஎஸ்ஏ என்று பெயர் மாறியது; அந்த எழுத்துகள் அதற்குமுன் மினியாபொலிஸில் கேனட்டின் இன்னொரு நிலையத்தில் இருந்தவை. 1995இல் டபிள்யூடபிள்யூஜே எழுத்துகள் டெட்ராய்ட்டுக்கே திரும்பின, ஆனால் 62ஆம் சேனலில். டபிள்யூடிவிஎம் 2017இல் மேரிலாந்தின் ஹேகர்ஸ்டவுனில் வேறொரு நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

எஃப்சிசியின் பப்ளிக் இன்ஸ்பெக்‌ஷன் ஃபைல் (பொதுமக்கள் பார்வைக்கான கோப்பு) தளத்தில் புதிய எழுத்துகளைத் தட்டினால் நிலையத்தின் பக்கம் வரும். உரிமதாரர் பெயரும் ஃபெசிலிட்டி எண்ணும் மேலேயே இருக்கும். பிறகு எல்எம்எஸ் எனப்படும் உரிமப் பதிவுத் தளத்தில் அந்த எண்ணைக் கொடுத்து விண்ணப்பப் பட்டியலைத் திறந்து, கைமாற்றத்துக்கு அனுமதி கேட்கும் 314, 315, 316 என்ற படிவ எண்களைத் தேடுங்கள். மூன்றும் இல்லை, கால் சைன் மாற்றம் மட்டும்தான் இருக்கிறது என்றால் இப்போதைக்கு விற்பனை இல்லை. ஏனென்றால், வாங்குபவர் புதுப் பெயர் கேட்டாலும், விற்பனைக்கு அனுமதி வந்து, கைமாற்றம் முடிந்ததாக எஃப்சிசிக்கு அறிவித்த பிறகுதான் அந்தப் பெயர் நடைமுறைக்கு வரும்.

படிவம் இருந்தால், எது என்பதில்தான் உங்கள் பணத்தின் கதி இருக்கிறது. 315 என்றால் நிறுவனத்தின் பங்குகள் கை மாறுகின்றன. உங்களோடு கையெழுத்திட்ட நிறுவனம் அப்படியே இருப்பதால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய அது தொடரும். 316 பெரும்பாலும் ஒரே உரிமையாளரின் நிறுவனங்களுக்குள் நடக்கிற ஏற்பாடு. உண்மையான கட்டுப்பாடு மாறாது. கவலைப்பட வேண்டியது 314க்குத்தான். அதில் உரிமமே புதிய நிறுவனத்துக்குப் போகிறது. வாங்குபவர் டவர், கருவிகள், உரிமம் ஆகியவற்றோடு எந்தெந்த ஒப்பந்தங்களை ஏற்கிறார் என்று விற்பனைப் பத்திரத்தில் பட்டியலிடுவார். பட்டியலில் இல்லாத ஒப்பந்தம் பழைய நிறுவனத்தோடு நின்றுவிடும். கட்டிய பணத்தை, விற்றுவிட்டுப் போனவரிடம்தான் கேட்க வேண்டியிருக்கும். விற்பனைப் பத்திரம் விண்ணப்பத்தோடு இணைக்கப்பட்டிருக்கும். ஆனால் ஒப்பந்தப் பட்டியலை மட்டும் விட்டுவிட்டு இணைப்பது சாதாரணம். அதனால் தளத்தில் தேடி நேரத்தை வீணாக்காமல், நிலைய மேலாளருக்கு எழுத்தில் மூன்று கேள்வி அனுப்புங்கள்: எங்கள் ஒப்பந்தம் ஏற்கப்படும் பட்டியலில் உண்டா? முன்பணத்தில் இன்னும் ஒலிபரப்பாகாத வாரங்களின் தொகை யார் கணக்கில் போகும்? சனிக்கிழமை நேரம் அப்படியே இருக்குமா? வாய்மொழிப் பதிலை ஏற்காதீர்கள். வாங்குபவரின் பெயரும் அவருடைய வழக்கறிஞர் பெயரும் விண்ணப்பத்திலேயே இருக்கும். அவர்களுக்கும் ஒரு நகல் போகட்டும்.

காலக்கெடு முக்கியம். விண்ணப்பத்தை ஏற்றதாக எஃப்சிசி அறிவித்த நாளிலிருந்து 30 நாள் எதிர்ப்பு மனுவுக்கான காலம். யாரும் எதிர்க்காவிட்டால், அதன்பின் சில வாரங்களில் அனுமதி வந்துவிடுவது வழக்கம். அனுமதி வந்து 90 நாட்களுக்குள் கைமாற்றத்தை முடிக்க வேண்டும். உங்கள் ஒப்பந்தத்தைப் பாதிப்பது கைமாற்றம் முடியும் நாள்தான், அனுமதி கிடைத்த நாளல்ல. எல்எம்எஸ்ஸில் ‘கன்சமேஷன்’ (கைமாற்றம் முடிந்தது) அறிவிப்பு என்று வரும் தேதியைப் பாருங்கள். இந்த விற்பனையை நிலையமும் தன் ஒலிபரப்பில் நான்கு வாரத்தில் ஆறு முறை சொல்ல வேண்டும். அதையும் திங்கள் முதல் வெள்ளிக்குள்தான் சொல்வார்கள். சனிக்கிழமை மட்டும் நிலையத்தோடு தொடர்புள்ள உங்களைப் போன்றவர்கள் காதில் அது விழாமல் போவது இதனால்தான்.

எதிர்ப்பு மனு போடலாமா என்று அடுத்து யோசிப்பீர்கள். தமிழ் நிகழ்ச்சி நின்றுவிடும் என்பதை மட்டும் காரணமாக வைத்துப் போட வேண்டாம். எந்த வகை நிகழ்ச்சி என்பதை நிலையமே தீர்மானிக்கலாம், தான் தலையிடுவதில்லை என்பது எஃப்சிசியின் கொள்கை. 1981இல், நியூயார்க்கின் டபிள்யூஎன்சிஎன் வானொலியின் நேயர் சங்கம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. உரிமதாரர் பொய்யான தகவல் தந்தார், ஒருவர் இத்தனை நிலையங்கள்தான் வைத்திருக்கலாம் என்ற வரம்பை மீறினார் என்பது போன்ற ஆதாரம் இருந்தால் வேறு கதை. ஒப்பந்தப் பணத் தகராறை எஃப்சிசி தீர்த்துவைக்காது. அது மாநில நீதிமன்றத்தின் வேலை.

விற்பனை எதுவும் இல்லை என்றாலும் பப்ளிக் ஃபைலில் நேரக் குத்தகை ஒப்பந்தங்கள் என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். தொகைகளைக் கறுப்படித்திருக்கலாம்; யார், எத்தனை மணி நேரம், எந்தத் தேதி வரை என்பது தெரியும். வேறொருவர் நிலையம் முழுவதையும் குத்தகைக்கு எடுத்துவிட்டார் என்றால், உரிமதாரரோடு நீங்கள் போட்ட ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்துகிறதா என்று கேட்க வேண்டும். உங்கள் நிகழ்ச்சியே இல்லாமல் போவதற்கு விற்பனையைவிட இந்தக் குத்தகைதான் அடிக்கடி காரணமாகிறது.

மணிக்கு மணி சொல்லும் அறிவிப்பையும் கவனித்துக் கேளுங்கள். எழுத்துகளை அடுத்து நிலையத்தின் உரிமத்தில் உள்ள ஊர்ப் பெயரைச் சொல்வது கட்டாயம். நடுவில் அலைவரிசையோ உரிமதாரர் பெயரோ வரலாம். ஊரும் மாறியிருந்தால் டவரும் இடம் மாறக்கூடும், எடிசனில் சத்தம் மங்கக்கூடும். உங்கள் நிகழ்ச்சி எஃப்எம்மிலும் கேட்கிறது என்றால் அது பெரும்பாலும் ஏஎம் ஒலியை மறுபடி ஒலிபரப்பும் சிறிய டிரான்ஸ்லேட்டராக இருக்கும். அதற்குத் தனி உரிமம், தனி ஃபெசிலிட்டி எண், சில சமயம் தனி உரிமையாளரும் உண்டு. அதன் பெயரில் டபிள்யூவுக்குப் பின் மூன்று இலக்கச் சேனல் எண் வரும்: 250 என்றால் 97.9, ஒவ்வொரு எண்ணுக்கும் 0.2 கூடும். ஏஎம் விற்கப்பட்டு டிரான்ஸ்லேட்டர் விற்கப்படாமல் இருந்தால் உங்கள் நேயர்களில் கார் எஃப்எம்மில் கேட்பவர்கள் மொத்தமாகப் போய்விடுவார்கள். ஒப்பந்தத்தில் அந்த எஃப்எம் அலைவரிசையையும் பெயர் சொல்லி எழுதியிருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் அடுத்த தவணை கட்டுமுன் எழுதச் சொல்லுங்கள்.