ஜப்பான் பள்ளிப் பிள்ளைகள் கட்டைவிரலை நிமிர்த்தி விளையாடுவது என்ன விளையாட்டு?

அதை 'யுபிசுமா' என்பார்கள், ஊருக்கு ஊர் வேறு பெயரும் உண்டு. எல்லாரும் இரண்டு கைகளையும் முஷ்டியாக மடக்கி, கட்டைவிரல்கள் மேலே இருக்கும்படி முன்னால் நீட்டிக்கொள்ள வேண்டும். முறை வந்தவர் "இஸ்ஸே நோ... 3!" ('இஸ்ஸே நோ' என்பது எல்லாரும் ஒரே நேரத்தில் தொடங்கச் சொல்லும் குரல்) என்று ஓர் எண்ணைச் சொல்லும் அதே நொடியில், அவர் உட்பட எல்லாரும் விருப்பம்போல ஒரு விரலையோ இரண்டையோ நிமிர்த்தலாம், சும்மாவும் இருக்கலாம். நிமிர்ந்த விரல்களின் கூட்டுத்தொகை சொன்ன எண்ணாக இருந்தால் சொன்னவர் ஒரு கையை எடுத்துவிடலாம். அப்புறம் அடுத்தவர் முறை. இரண்டு கையையும் முதலில் எடுத்தவர் ஜெயித்தார்.

வெறும் அதிர்ஷ்டம் மட்டும் இல்லை. நம் விரல் நமக்குத் தெரியும் என்பதால், இரண்டு பேர் ஆடும்போது எதிராளியின் 0, 1, 2 இதில் ஒன்றை ஊகித்தால் போதும். இதில் எனக்குப் பிடித்ததே, ஒரு கையை எடுத்து முந்திப் போனவரிடம் மிச்சம் ஒரே விரல்தான், அவரை ஊகிப்பது இன்னும் சுலபம்!